கப்பல் ஏறும் முன்பே எழுதிய ஆல்பம்

கப்பல் டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் ஆல்பம் வாங்கிவிட்டார். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில் கல்யாணப் பார்ட்டிகளுக்காக வைத்திருந்த ஆல்பம் அது. தடித்த கறுப்புத் தாள்கள், தாளுக்குத் தாள் நடுவே சலசலக்கும் பட்டர் பேப்பர், அரக்கு நிற ரெக்ஸின் அட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

எண்பதுகளின் நடுவில் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அரசாங்கமே டிக்கெட் செலவைக் கொடுக்கும் சலுகை ஒன்று அந்த வேலையில் உண்டு. எல்.டி.சி. என்பார்கள். அதை வைத்து அலுவலகத்தில் எல்லாரும் காசிக்குப் போனார்கள், டெல்லிக்குப் போனார்கள், ஆக்ராவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லாரும் போற எடத்துக்கு நாம எதுக்குப் போகணும்? கப்பல்ல போவோம். அந்தமானுக்கு," என்றார்.

சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், அதாவது என் அத்தை, தலையை நீட்டிப் பார்த்தார். "அந்தமானுக்கா? ஏப்பா, அப்படி என்ன தப்புப் பண்ணுன?"

அன்று தொடங்கியது ஏற்பாடு. நூலகத்திலிருந்து கப்பலைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்து மனப்பாடம் செய்தார். டீக்கடையில் நின்றுகொண்டு, கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொன்னார். சின்னாளப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகினார். "உக்காருங்க சார், சீட்டுதான் காலியா கெடக்கே," என்று கண்டக்டர் சொல்லியும், காலை அகட்டி வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருக்குக் கையெழுத்து அழகு. அலுவலகத்தில் போர்டு எழுதுவது, வழியனுப்பு விழாவுக்கு வாழ்த்துமடல் எழுதுவது எல்லாம் அவர்தான். அந்தக் கையெழுத்துதான் எங்களை வம்பில் மாட்டிவிட்டது. வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய பிரஷ்ஷும் வாங்கி வந்து, சாயங்காலமானால் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். படம் ஒட்டப்போகிற இடத்தைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே வாசகம் எழுதுவார். படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. கப்பல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் வாசகம் தயார்.

முதல் பக்கத்தில் 'எங்கள் கப்பல் பயணம்' என்று கொட்டை எழுத்தில். அடுத்த பக்கம், 'கப்பலின் முனையில் நான்.' அதற்கடுத்து, 'கப்பல் தலைவருடன் நான் அளவளாவுகிறேன்.' பிறகு, 'துள்ளும் மீன்களை நான் சுட்டிக்காட்டுகிறேன்.' முழுப் பக்கத்துக்கு ஒன்றாக, ஓரத்தில் பூவெல்லாம் போட்டு, 'அலை கண்டு அஞ்சாத நெஞ்சம்!'

"நான் எங்கங்க?" என்று கேட்டேன்.

"உனக்கும் ஒண்ணு எழுதியிருக்கேன், பாரு." பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'என் துணைவி சற்றுக் களைப்புடன் ஓய்வெடுக்கிறாள்.'

"நான் எதுக்குக் களைப்பா இருக்கணும்?"

"கப்பல்ல பொம்பளைகளுக்கு அப்படித்தான் இருக்குமாம். பொஸ்தகத்துல போட்டிருக்கு."

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "மதினி, போறதுக்கு முன்னாடியே களைச்சுப் போயிராதீங்க."

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கேமராவை எங்கோ இரவல் வாங்கினார். கலர் பிலிம் ஒரு ரோல் போட்டுக்கொண்டார். ரயில் ஏறி மெட்ராஸ் போய், துறைமுகத்தில் வரிசையில் நின்று, ஒருவழியாகக் கப்பலில் ஏறினோம். எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது கப்பல். உள்ளே பெரிய கூடம், அதில் ரயிலில் இருக்கிற மாதிரி இரண்டடுக்குப் படுக்கைகள். மேல்படுக்கை எனக்கு, கீழ்ப்படுக்கை அவருக்கு.

கப்பல் கிளம்பியபோது அவர் கைப்பிடிக் கம்பி ஓரமாக நின்று, கரையில் இருந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத கூட்டத்துக்குக் கைக்குட்டையை ஆட்டினார். யாரோ ஒரு அம்மாள் பதிலுக்குக் கை ஆட்டினாள். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். துறைமுகத்தின் கல்சுவரைத் தாண்டுகிறவரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதைத் தாண்டியதும் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வெயிலு. செத்த நேரம் படுத்துட்டு வாரேன். மீனு துள்ளுனா எழுப்பு."

படுத்தவர் போர்ட் பிளேர் வந்துதான் எழுந்தார்.

நடுவில் இருந்த மூன்று நாளும் அவர் சாப்பிட்டது பாதி ரஸ்க்கும் கொஞ்சம் மோரும். அதுவும் உள்ளே தங்கவில்லை. பக்கத்தில் வாளி. நெற்றியில் ஈரத்துண்டு. பாவமாகத்தான் இருந்தது. தலையைப் பிடித்துவிட்டேன், விசிறினேன். ஆனால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவருக்கே பிடிக்கவில்லை. "நீ போ. ஆடாம அசையாம நீ நிக்கிறதப் பாத்தா எனக்கு இன்னும் பெரட்டுது," என்று விரட்டினார்.

எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. நான் சின்னாளப்பட்டியில் நெசவு வீட்டில் பிறந்தவள். தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி என்னைப் போட்டிருந்ததாக அம்மா சொல்வாள். தறி அடிக்கிற அடியில் தொட்டில் தானாக ஆடும். அதனாலோ என்னவோ, கப்பல் ஆட ஆட எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, நன்றாகப் பசித்தது.

சாப்பாட்டுக் கூடம் முதல் நாள் கல்யாணப் பந்தி மாதிரி நிரம்பியிருந்தது. மறுநாள் பந்தியில் பாதி ஆளைக் காணோம். அடுத்த நாள் நானும், போர்ட் பிளேரில் வேலை பார்க்கிற ஒரு டீச்சரம்மாவும், இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான். சாப்பாட்டுக் கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், தோளில் தங்க நிறப் பட்டை, பார்க்கிறதுக்கு ராணுவ அதிகாரி மாதிரி இருப்பார்.

"எம்மா, இத்தன பேரு படுத்துட்டாவ. ஒனக்கு மட்டும் ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டார்.

"பசிக்குதுண்ணே," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சமைத்ததைச் சாப்பிட ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷர். அன்றிலிருந்து எனக்கு மீன் வறுவல் இரண்டிரண்டாக விழுந்தது. அவர்தான் என்னையும் டீச்சரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய் மீன் காட்டினார். தண்ணீரிலிருந்து கிளம்பி, வெள்ளி ஊசிகளை விசிறிவிட்டது மாதிரி, கொத்தாகப் பறந்து போய் மறுபடி விழுந்தன. "பறவைக்கோலா," என்றார். மீன் பறக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "என்னங்க, மீனு பறக்குது! எந்திரிங்க!"

கண்ணைத் திறக்காமலேயே, "படம் எடு," என்றார். படுத்தபடியே பாடம் நடத்தினார். "ஓட்டைல கண்ண வையி. மூச்சப் பிடி. பட்டன அமுத்து. பல்லச் சுத்து." பல் என்றது பிலிமை நகர்த்துகிற பல்சக்கரத்தை. அவ்வளவுதான் பாடம். பிலிம் தீர்ந்து போகும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அமுத்தினேன், சுற்றினேன். மீன் பறந்தபோதெல்லாம் அமுத்தினேன். டீச்சர் என்னை எடுத்தார். முனையில் நிற்கவைத்து எடுத்தார், உயிர்காக்கும் படகுக்குப் பக்கத்தில் எடுத்தார், ஏணியில் எடுத்தார், மீன் வறுவல் தட்டோடு எடுத்தார். சாப்பாட்டுக் கூடத்து அண்ணனோடு ஒன்று. அவர் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். காற்றில் என் சுங்குடிச் சேலை முந்தானை கொடி மாதிரி பறந்தது. பிறந்ததிலிருந்து நான் அம்புட்டுச் சிரித்ததில்லை.

போர்ட் பிளேரில் கப்பல் நின்றதும் என் வீட்டுக்காரர் எழுந்தார். ஷேவ் செய்துகொண்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். இறங்குதுறையில் கப்பல் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு இடத்தைப் பார்த்து, இடுப்பில் கை வைத்து, ஒரு காலைக் கல்லின்மேல் தூக்கி வைத்து நின்றார். தரை இன்னும் அவருக்கு ஆடிக்கொண்டிருந்தது. லேசாகத் தள்ளாடினார்.

"ம், எடு."

அமுத்தினேன். பட்டன் இறங்கவில்லை.

"பல்லச் சுத்து."

பல் சுற்றவில்லை.

இடுப்பிலிருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. கண்ணாடியைக் கழற்றினார். "அம்புட்டையுமா எடுத்துட்ட?"

"மீனு பறந்துகிட்டே இருந்துச்சுங்க," என்றேன்.

ஊருக்குள் போய்க் கடை கடையாகக் கேட்டோம். கறுப்பு வெள்ளை ரோல்தான் கிடைத்தது. மற்ற படமெல்லாம் கலரில் இருக்க, தான் மட்டும் கறுப்பு வெள்ளையில் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றுவிட்டார். தீவெல்லாம் சுற்றிப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. திரும்பும் கப்பலில் ஏறியதுமே நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் வந்து சேர்ந்தபோது அவர் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் ஒரு சுற்று பெருத்திருந்தேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏத்தா, அவன் சோத்தையும் சேத்து நீயே தின்னுட்டியா?"

உண்மையைச் சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கடலில் போனால் வாந்தி வரும் என்பதை அத்தை நம்பவே இல்லை. "தண்ணில போனா எதுக்குடா வாந்தி வரணும்? மீனெல்லாம் வாந்தியா எடுக்குது? இவ கவனிக்கல. அதேன்," என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

கலர் படம் அப்போது மதுரைக்குப் போய்த்தான் கழுவி வர வேண்டும். உறை வந்து சேர்ந்த சாயங்காலம் நால்வரும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். நாத்தனார் மைதாப் பசை காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஆல்பம் நடுவில். அவர் ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் நீண்டுகொண்டே போனது.

பாதிப் படத்தில் வெறும் தண்ணீர். மீன் பறந்து முடித்த பிறகு அமுத்தியிருக்கிறேன். மீதிப் பாதியில் நான். நின்றபடி நான், உட்கார்ந்தபடி நான், முந்தானை பறக்க நான்.

அத்தை ஒவ்வொன்றையும் விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எம்புள்ள எங்க?" என்றார்.

"கீழ படுத்திருக்காரு அத்தை."

"எங்க? தெரியலையே?" என்று படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

அடுத்த சிக்கல் வாசகம். 'கப்பலின் முனையில் நான்' என்பதற்கு மேலே இருக்க வேண்டிய படத்தில் முனை இருந்தது, நான் இருந்தேன். ஆனால் அந்த நான் இந்த நான் இல்லை. நாத்தனார் வாசகத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாவணியை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து போனாள். கிணற்றடியிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது.

அழிக்கப் பார்த்தோம். அது நல்ல பெயிண்ட். தண்ணீரில் போகவில்லை. மண்ணெண்ணெயில் தேய்த்ததில் எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனது. பிளேடால் சுரண்டினார். 'நான்' போய், அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து 'அளவளாவுகிறேன்' தெரிந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

நாத்தனார்தான் வழி சொன்னாள். அவள் கல்லூரியில் ஒரு பெண் எதை எதையோ ஒட்டி ஒரு புத்தகம் வைத்திருக்கிறாளாம், ஸ்கிராப் புக் என்று பெயராம். "படம் இல்லாட்டி என்ன அண்ணே? மத்ததெல்லாம் ஒட்டுவோம்."

நான் என் பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டோக்கன்கள், பிஸ்கட் உறை, கப்பல் சோப்பின் காகிதம், டீச்சர் எழுதிக் கொடுத்த முகவரி, கடற்கரையில் பொறுக்கிய சோழிகள், மருந்து அட்டை ஒன்று. எல்லாவற்றையும் ஒட்டினோம். டோக்கனை வைத்து 'நான்' என்ற எழுத்தை மறைக்கலாம் என்று கண்டுபிடித்தது அத்தை. ஆனால் எங்களிடம் இருந்த டோக்கனை விட அவர் எழுதியிருந்த 'நான்' அதிகம்.

'கப்பல் தலைவருடன்' பக்கத்தில் மட்டும் சிரமமில்லை. தொப்பி போட்ட படத்தை அவரே எடுத்து, "இவருதான் கேப்டனா? நல்ல கம்பீரம்," என்று சொல்லிக்கொண்டே பசை தடவிவிட்டார். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் சோற்றுக் கரண்டி தெரிந்தது. அத்தை கண்ணுக்கு அது தப்புமா?

"கப்பல் ஓட்டுறவரு எதுக்குக் கரண்டி வச்சிருக்காரு?"

"அதுலதான் கப்பலத் திருப்புவாங்கம்மா," என்றாள் நாத்தனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கத்தரிக்கோலை எடுத்தார். தன்னுடைய பழைய படங்களைத் தேடி எடுத்து, தன்னை மட்டும் வெட்டிக் கப்பல் படத்தில் ஒட்டிவிடுவது என்று முடிவு. கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று எங்கள் கல்யாணப் படம். இன்னொன்று தாடிக்கொம்பு பெருமாள் கோயில் வாசலில் மேல்சட்டை இல்லாமல், கையில் தேங்காய்த் தட்டோடு எடுத்தது. இரண்டும் கறுப்பு வெள்ளை.

தேங்காய்த் தட்டுக்காரர் கப்பலின் முனையில் ஏறினார். கல்யாண மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக உயிர்காக்கும் படகுக்குப் பக்கத்தில் நின்றார். படகை விட அவர் தலை பெரிதாக இருந்தது. பக்கத்தில் நான் கலரில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏப்பா, அவ இம்புட்டுக் கலரா இருக்கா. நீ மட்டும் ஏன்டா செத்தவன் படம் மாதிரி இருக்க? மால வேற போட்டிருக்கு. எடுத்துரு சாமி."

என் வீட்டுக்காரர் இரண்டையும் உரித்து எடுத்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "வர்ற ஞாயித்துக்கிழம எல்லாரும் ஆத்தூர் டேமுக்குப் போறோம்," என்றார்.

மழை பெய்து அணை நிறைந்திருந்த சமயம். கேமராவை மறுபடி இரவல் வாங்கினார். புது ரோல் போட்டார். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் கட்டிக்கொண்டு, நால்வரும் பஸ் ஏறினோம். அவர் கோட்டுப் போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி. கப்பலுக்குக் கொண்டுபோன அதே கைக்குட்டை.

அணை அழகுதான். ஆனால் கடல் இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் பின்னால் மலை வந்தது. மலை இல்லாத பக்கம் எருமை வந்தது. ஒருவர் எருமைக்கு வைக்கோலால் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைச் செத்த நேரம் தள்ளிப் போகச் சொன்னோம். போனார். எருமை போகவில்லை.

"தண்ணிக்கு நடுவுல போயிட்டா மலையும் தெரியாது, மாடும் தெரியாது," என்றார் என் வீட்டுக்காரர். கரையில் ஒரு பரிசல் கிடந்தது. பெரிய கூடையைத் தாரில் முக்கி எடுத்தது போல வட்டமாக இருக்குமே, அது. மீன்பிடிக்கிறவர் ஒருவர் அதில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவர் பேசிச் சம்மதிக்க வைத்து, கோட்டோடு ஏறி உட்கார்ந்தார்.

"அலுங்காமப் போகுமாய்யா?"

"அது பாட்டுக்குச் சுத்தும். ஒண்ணும் பண்ணாது. ஏறுங்க சார்."

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனது. நாத்தனார் கேமராவோடு தண்ணீர் ஓரம் நின்றாள். அத்தை கரைமேட்டில் சோற்று வாளியைக் காவல் காத்தபடி நின்றார். அவர் பரிசலில் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் முழங்காலிட்டு, கைக்குட்டையை உயர்த்தினார். பரிசல் மெதுவாக ஒரு சுற்று சுற்றியது. அவர் முதுகு தெரிந்தது. இன்னொரு சுற்று. முகம் வந்தது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

"அத்தை, வரப்போகுது," என்றேன்.

"என்னத்தா வரப்போகுது?"

வந்தது. இரண்டு கையாலும் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்கு மேல் தொங்கப்போட்டார். கறுப்புக் கண்ணாடி கழன்று தண்ணீருக்குள் போனது. "சார், சார்! டேமுல இதுக்கு முன்ன யாரும் இப்படிப் பண்ணுனதில்ல சார்!" என்று பரிசல்காரர் கத்தினார்.

அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நெசமாத்தேன் சொன்னியா நீ? கடல்லயும் இப்படித்தேன் கெடந்தானா?"

"மூணு நாளும் அத்தை. போகும்போதும், வரும்போதும்."

அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அப்படியே கரைமேட்டில் உட்கார்ந்து, சோற்று வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏலே, இதுக்காடா பஸ்ஸுல கம்பியப் பிடிக்காமப் போயிப் பழகுன!" அந்தச் சிரிப்பு எனக்குத் தொற்றியது. எருமைக்காரருக்கும் தொற்றியது. கரைக்கு வந்து சேர்ந்தவர் எங்கள் மூவரையும் முறைத்தார். முறைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி, தண்ணீரில் நனைந்த அதன் கையைப் பிழிந்தபடி அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கப்பல் ஏறிய நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பொதி கட்டிக்கொண்டு போன சோறு முழுவதையும் எங்கள் மூவருக்கும் பரிசல்காரருக்கும் அவரே பரிமாறினார்.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்ந்த தலை, விளிம்பைப் பிடித்த கைகள், காற்றில் பறக்கும் கோட்டு வால், தூரத்தில் மலை, ஓரத்தில் எருமையின் கொம்பு. அந்த நேரத்தை அப்படியே பிடித்திருந்தாள். ரோல் முழுவதிலும் துல்லியமாக விழுந்த ஒரே படம் அதுதான்.

படம் மதுரையிலிருந்து வந்ததும் நான் அதை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தேன். அவரே கேட்டு வாங்கினார். ஒரு தடவை பார்த்தார். ஆல்பத்தைப் புரட்டி, பூப் போட்ட முழுப் பக்கத்தை எடுத்து, நாலு மூலையிலும் பசை தடவி, நேராக, கோணாமல் ஒட்டினார். கீழே அவர் கையெழுத்தில் 'அலை கண்டு அஞ்சாத நெஞ்சம்!' அந்த ஆச்சரியக்குறி அப்படியே இருந்தது. பிறகு எனக்காக எழுதிய பக்கத்துக்கு வந்தார். 'என் துணைவி சற்றுக் களைப்புடன்.' அதற்கு மேலே, கையில் மீன் வறுவல் தட்டோடு நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படத்தை ஒட்டினார். "இருக்கட்டும். பாக்குறவங்க பாத்துப் புரிஞ்சுக்கட்டும்," என்றார்.

ஆல்பம் எங்கள் தெருவில் பிரபலமாகிவிட்டது. வருகிறவர்களுக்கு அத்தைதான் விளக்கம் சொல்வார். கப்பலைப் பார்க்காதவர், ஆனால் எந்தப் படியில் எத்தனை பேர் நிற்கலாம் என்பது வரைக்கும் சொல்வார். சின்னாளப்பட்டியிலிருந்து என் வீட்டு ஆட்கள் வந்தால் கடலையும் பார்க்க மாட்டார்கள், கப்பலையும் பார்க்க மாட்டார்கள். "சேல எப்படி நிக்குது பாரு. சாயம் துளி மங்கலையே," என்று அதிலேயே நின்றுவிடுவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, நாத்தனாரைப் பெண் பார்க்க வேடசந்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் நூல் மில்லில் சூப்பர்வைசர். பையன் பரவாயில்லை, சிரித்த முகம். அவருடைய அப்பாதான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேசரியைத் தொடவில்லை. மீசையைத் தடவியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் காப்பி கொடுத்துவிட்டு வாசற்கால் ஓரம் போய் நின்றாள். என் வீட்டுக்காரர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்கும் அவர் மீசையைத்தான் தடவினார்.

அத்தைக்கு அந்த அமைதி தாங்கவில்லை. உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துவந்து அந்த அப்பா மடியில் வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அதற்குள் அத்தை விளக்கத்தை ஆரம்பித்தாகிவிட்டது. பையனின் அப்பா ஒவ்வொரு பக்கமாக, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் புரட்டினார். பரிசல் படத்தில் கை நின்றது.

"இது எந்தக் கடல்?"

வாசற்கால் பக்கமிருந்து நாத்தனார் குரல் கணீரென்று வந்தது. "கடல் இல்லங்க. ஆத்தூர் டேமு. நான்தான் எடுத்தேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிப் பேசுவது அப்போது வழக்கமில்லை. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது.

அவருடைய அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, மெதுவாக, "பரிசல்லயேவா?" என்றார்.

"ஆமாங்க," என்றார் இவர், தரையைப் பார்த்து.

"எனக்குக் கொடைக்கானல் பஸ்ஸு. வத்தலக்குண்டு தாண்டுன ஒடனேயே ஆரம்பிச்சுரும். மேல போயிப் பாத்தது ஒண்ணுமில்ல. மூணு தடவ போயிருக்கேன், இன்னிக்கி வரைக்கும் ஏரியப் பாத்ததில்ல."

"பின்னால சீட்டுல உக்காந்தீங்களா?"

"முன்னால உக்காந்தும் பாத்துட்டேன். புளி வச்சுப் பாத்தேன், பேப்பர வயித்துல கட்டிப் பாத்தேன். ஒண்ணுக்கும் கேக்கல." கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கப்பல்ல எப்படி இருக்கும்? உருட்டுமா, பெரட்டுமா?"

அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசிய பேச்சைக் கேட்டு, பையனின் அம்மா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் பேசினார்கள். எழுந்து கிளம்பும்போதுதான் பையனின் அப்பாவுக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. "பொண்ணு உள்ளதச் சொல்லுது. எங்களுக்குச் சம்மதம்," என்றார்.

கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் ஒரு வேன் பிடித்துப் பழனிக்குக் கிளம்பினோம். டிரைவருக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட்டு ஒன்றுதான். "நீங்க உக்காருங்க தம்பி," என்று சம்பந்தி சொல்ல, "இல்லங்க, நீங்க பெரியவரு, நீங்க உக்காருங்க," என்று இவர் சொல்ல, வேன் கிளம்பாமலேயே நின்றது. கடைசியில் இருவருமே அந்த ஒரு சீட்டில் ஒட்டி உட்கார்ந்து, முகத்தை ஒரே ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டார்கள். வண்டி ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும் நாங்கள் பின்னால் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். நல்லெண்ணெய் வாசம் வேன் முழுக்கப் பரவியது.

"யாரு அது இப்பப் பிரிக்கிறது?" என்று முன்னாலிருந்து இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது.